சும்மா இருக்கும் நிரல்

ஆஸ்த்ராவாவில் உருக்காலை அணைந்த பிறகு
காப்பீட்டுக் கம்பெனியின் மூன்றாம் மாடியில்
ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம்:
பல் மருத்துவரிடம் கருவி கழுவிய விளாஸ்டா,
ஐஸ் ஹாக்கியில் கோல் காத்து முட்டி போன லுபோஷ்,
பாதிரியாராகப் போய்ப் பாதியில் திரும்பிய ஹைநெக்,
யாரென்றே சொல்லாத ஒருவர்,
பதினெட்டு வருஷம் சரக்கு ரயில் பெட்டிகளுக்கு எடை போட்ட நான்.

இயந்திரத்தை யாரும் பார்த்ததில்லை.
அது பிர்னோவில், பூட்டிய அறையில்.
எங்களுக்குக் கறுப்புத் திரையும்
பச்சையில் ஒரே சொல்லும்: ரெடி.
நான் ரெடி இல்லை என்று சொல்ல அதில் கட்டளை கிடையாது.

பெயர் ஏழு எழுத்தைத் தாண்டக் கூடாதாம்.
ட்ரஹோமீரா கடைசி இரண்டை வாசலில் விட்டுவிட்டு
ட்ரஹோமி ஆகி உள்ளே வந்தாள்.

வரிக்கு எண்பது கட்டம்.
முதல் இரண்டிலும் சாய்கோடு.
நடுவில் ஒரு காற்புள்ளிக்குப் பிறகு
மூச்சு விடும் அளவு இடம் விட்டேன்.
அதற்கப்பால் எழுதியதையெல்லாம்
வெறும் பேச்சு என்று தள்ளிவிட்டது.
என் மாமியாரும் இப்படித்தான்.

வரிசைப்படுத்தச் சொன்னால்
எழுத்தெல்லாம் போன பிறகுதான் எண் வருகிறது.
எண்ணைச் சொல்லியே வயிறு வளர்த்தவள்
கடைசியில் போய் நின்றேன்.

கோப்பு வைக்குமுன் இடம் கேட்க வேண்டும்,
இத்தனை தடம், போதாவிட்டால் இன்னும் இத்தனை என்று.
கூச்சப்பட்டுக் குறைத்துக் கேட்டேன்.
பாதி எழுதும்போதே பி முப்பத்தேழு என்று விழுந்தது.
"கேட்கும்போது வெட்கப்படாதே" என்றான் லுபோஷ்,
முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

பிறகு அடைப்புக்குள் மூன்று சொற்கள்.
இது இப்போது என்ன,
நல்லபடி முடிந்தால் என்ன செய்வது,
கெட்டுப்போனால் என்ன செய்வது.
தொடங்குமுன்பே எழுதித் தர வேண்டும்.
நானும் பொஹுமிலும் நகராட்சி மண்டபத்தில்
கையெழுத்துப் போட்ட காகிதத்தில்
மூன்றாவதற்கு இடமே இல்லை.

ஒடீலியே இப்போது 'ஷேர்',
வாரம் விட்டு வாரம்.
'ஓல்டு' என்று போட்டால்
நான் விடும்வரை வேறு யாரும் தொட முடியாது.
ஒரு டிசம்பரில் அப்படிப் போட்டுப் பார்த்தேன்.
குழந்தை இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.
எங்களை முதலில் ஓடவிடச் சொன்னது
ஒன்றும் செய்யாத ஒரு நிரலை.
அழைத்தால் வரும், வந்த வழியே திரும்பும்.
ஒரே கட்டளை.
அதிலும் ஆதியில் பிழை இருந்திருக்கிறது!
போகும்போது விளைவு எண்ணைத் துடைக்காமல் போனதால்
யாரோ விட்டுப்போன எண்
அதன் தோல்வியாகப் பதிவானது.
சும்மா இருக்கத் தெரியாமல் சும்மா இருந்திருக்கிறது.
இன்னொரு கட்டளை சேர்த்தார்கள்:
திரும்புமுன் பூஜ்யமாக்கு.

அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போனேன்.
ஏழு மாதம் வீட்டில் சும்மா இருந்தவள் நான்.
எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும்
எனக்குள் கிடந்த எண்ணைத்தான் சொன்னேன்.
அது ஆலையுடையது. வங்கியுடையது. கொஞ்சம் பொஹுமிலுடையது.

எடைமேடையில்
பெட்டி போன பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராத நாட்கள் உண்டு.
பனி.
நாற்பது கிலோ, அறுபது கிலோ, யார் கணக்கிலும் இல்லாத எடை.
துடைப்பத்தோடு தண்டவாளத்துக்கு நடுவே இறங்குவேன்.
அது என் வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இன்றிரவு பத்து நாற்பதுக்கு
என் ஜாப் திரும்பி வந்தது, நாலு பூஜ்யத்தோடு.
ஹைநெக் எட்டிப் பார்த்து
"ஒன்றுமே நடக்கவில்லையே" என்றான்.
ஆமாம் என்றேன்.
தாளில் அச்சடித்து நாலாக மடித்துக்கொண்டேன்.

விளாஸ்டாவுடையது இன்னும் வரிசையில் நின்றது.
விளக்கை அணைக்காமல் வந்தேன்.