கோத்தகிரி திரைப்படக் கழகம், நவம்பர் மாதக் காட்சி

முந்தின இரவே தனியாகப் பார்த்துவிட்டேன்.
அதனால் அன்று திரைக்கு முதுகைக் காட்டி
ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு
முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேயிலை விவசாயிகள் சங்கக் கூடம்.
நாற்பத்தொரு பேர்.
இருபது ரூபாயில் தேநீரும் ஒரு வர்க்கியும் சேர்த்தி.

பெல்ஜியத்துப் படம். மழை. பன்றிப் பண்ணை.
பதிமூன்று வயதுப் பெண், அவள் அப்பா.
அம்மா என்ற சொல்லே வராத வீடு.
முதல் அரைமணி யாருக்கும் தொல்லையில்லை.
குட்டிகள் பிறந்தபோது போஜன் மாஸ்டர்
பக்கத்து ஆளிடம் இங்கே என்ன விலை என்று விசாரித்தார்.

பிறகு அந்தக் கதவு.

குளியலறைக்குள் அப்பா வழுக்கி விழுகிறார்.
விழுவதைக் காட்டுவதில்லை, சத்தம்தான்.
மகளைக் கூப்பிடுகிறார்.
அவள் வெளியே நிற்கிறாள், கைப்பிடியில் கை.
நான்கு நிமிடம், பதினோரு விநாடி.
இசை கிடையாது. கேமரா நகராது.
அந்தக் கையும்.
திரையின் அடியில் அவள் பெயர் மட்டும்
வந்து வந்து போகிறது,
லீன்
லீன்
பிறகு வெறும் புள்ளிகள்.

முதலில் சிரித்தது பாலிடெக்னிக் பையன்.
சிரித்தது யாரென்று அவனே திரும்பிப் பார்த்தான்.
ஐரீன் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார், திரும்ப மாட்டவில்லை.
ஒரு கதவைத் தவிர வேறொன்றுமில்லாத திரையிலிருந்து
மகனின் கண்ணைப் பொத்தினார் எல்.ஐ.சி. சாமுவேல்.
'தெறந்து தொலையேண்டி!'
இருட்டில் யாரோ.
விளக்கில்லாமலே குரல் தெரிந்தது:
எஸ்டேட் கணக்கர் குணபாலன்,
கூட்டங்களில் மினிட்ஸ் வாசிக்கக்கூட
தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பவர்.

நாற்காலிகள் தரையை உரசத் தொடங்கின.
கடைசி பஸ் என்றார்கள். மணி ஏழுகூட ஆகவில்லை.
ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேர்.
கதவு திறக்கும்போதெல்லாம்
கொஞ்சம் பனிமூட்டம் உள்ளே வந்து
புரொஜெக்டர் வெளிச்சத்தில் நின்றது.

கலந்துரையாடல் வழக்கம்போல.
'சரி, அவ நல்லவளா கெட்டவளா,
அதையாவது சொல்லியிருக்கணும்' என்றார் மாஸ்டர்.
'குளிர் தேசத்துப் பிள்ளைங்க, பாசம் கம்மி'
என்றார் சாமுவேல்,
மங்கி குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டு.
பாலிடெக்னிக் பையன் ஷாட்டின் நீளம் பற்றிப் பேசினான்,
நன்றாகவே பேசினான்.
'அதுக்கு முன்னால அப்பன் என்ன செஞ்சானோ'
என்றது பின்வரிசையில் ஒரு பெண்குரல்.
அதன்பின் எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.

கூடத்தைப் பூட்டிவிட்டுச் சுற்றி வந்தால்
பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே தவமலர்.
ரேஷன் கடையில் பில் போடுகிறவர்.
ஒன்பதில் ஒருவர் என்று நான் குறித்துவைத்தவர்.
ஜன்னல் கண்ணாடியின் ஈரத்தில்
உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் துடைத்திருந்தது.
சத்தமில்லாமல் மிச்சப் படத்தையும்
அதன் வழியே பார்த்திருக்கிறார்.

'நான் தெறந்தேன் சார்' என்றார்.

எதை என்று கேட்கவில்லை.

'பதினாலு வயசு. கூப்பிட்ட உடனே ஓடிப் போய்த் தெறந்தேன்.
பதினோரு வருஷம், சார்.
தூக்க, கழுவ, ஊட்ட.
தப்புன்னு சொல்லல.'
ஸ்வெட்டர் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார்.
'அந்தப் பொண்ணு அப்புறம் கடல் பாக்கப் போறா இல்ல?
அதுல என்ன பேசிக்கிட்டாங்க?'

அந்தக் காட்சியில் யாரும் பேசமாட்டார்கள் என்றேன்.

'அதான் பார்த்தேன்' என்றார்.
பிளாஸ்கில் மிச்சமிருந்த ஆறிய டீயைக் குடித்துவிட்டு
கட்டபெட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.
வளைவில் காட்டெருமை நிற்குமே என்று
நான் சொல்ல நினைத்தபோது
டார்ச் வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

வருகைப் பதிவேட்டில்
இடையில் எழுந்து போனவர்கள்: ஒன்பது.
எட்டு என்று திருத்தினேன்.
மறுபடி ஒன்பது.
அடித்து எழுதி அடித்து எழுதி
அந்தக் கட்டத்தில் தாள் கிழிந்துவிட்டது.

டிசம்பருக்கு நகைச்சுவைப் படம் என்று
செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது.
முன்மொழிந்தது நான்தான்.