ஒரு முழம்

கள்ளிமந்தாரை என்று நான் சொல்ல,
ஈழத்தலரி என்று நர்சரிக்காரர் திருத்த,
சுடுகாட்டு மரம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்
வீட்டுக்காரர் மாதையன்.
உனக்கு மூன்று பெயர் இருந்தது.
பூதான் இல்லை.

நான்கு வருடம்.
பாலக்கோடு தக்காளி மண்டியில்
பெட்டிக்கு இத்தனை என்று பகலெல்லாம் கணக்கெழுதிவிட்டு வந்து
உனக்கு நான் என்ன செய்யவில்லை?
விலை விழுந்த நாள்களில்
நசுங்கிய தக்காளி இரண்டு வாளி.
நஞ்சப்பன் தோட்டத்து யூரியா ஒரு பிடி.
ஒகேனக்கல் தண்ணீர் வராத அன்றும்
எனக்குக் குளிக்க வைத்திருந்ததில் பாதி.
நீயோ இலையாய்ப் போட்டாய்,
செருப்பு நீளத்துக்கு, பளபளவென்று,
கடன் வாங்கிச் சாப்பிடுகிறவன் முகம் போல.

கரண்ட் போன ஒரு ராத்திரி
செல்போன் வெளிச்சத்தில் உன்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
தரையிலிருந்து ஒரே தண்டு.
அது இரண்டாகி, அந்த இரண்டும் பிரிந்து,
மேலே மேலே கவை.
ஒவ்வொரு கவையின் இடுக்கிலும் ஒரு காய்ந்த தழும்பு,
பூக்காம்பு உதிர்ந்த இடம்.
பூத்த இடத்தில்தான் நீ பிரிகிறாய்.
பூக்காத வருடம் உனக்குக் கிளை கிடையாது.

ஒரு கிளையைப் பிடித்து எண்ணினேன்.
எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள் காலத்தில்
ஐந்து கவை.
அவர்கள் தண்ணீரே விட்டதில்லையாம்,
மாதையன் மகள் கோகிலவாணி சொன்னாள்;
துணி பிழிந்த தண்ணீர்கூட சாக்கடைக்குத்தான்.
கடைசிக் கவைக்கு மேலே
வழுவழுவென்று, நேராக, ஒரு முழம்.
அது என் காலம்.

என் வாயிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு.
பென்னாகரம் பக்கம், எங்கள் ஊர் போர்க்குழாயில்
எட்டு வயதுவரை குடித்தது
முன்பல்லில் பழுப்பு வரியாக நிற்கிறது.
போட்டோ என்றால் உதட்டை மூடிக்கொள்வேன்.
தண்ணீர் எங்கேயாவது எழுதிவிடுகிறது.

கார்த்திகையில் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.
டேங்க் நிரம்பி உன் வேரில் கொட்டும் குழாயைத்
தெருப்பக்கம் திருப்பச் சொன்னேன், சாந்த்பாஷாவிடம்.
"மரத்துமேல என்னக்கா கோபம்?" என்றார்.
இருநூறு ரூபாய், ஒரு டீ.

சும்மா இருப்பது லேசில்லை.
மார்கழியில் இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது.
தை முடிவதற்குள் நீ
யாரோ நட்டுவைத்த எலும்பு.
இரண்டு முறை சொம்போடு வந்து
இரண்டு முறையும் நானே குடித்துவிட்டுப் போனேன்.
நகத்தால் கீறினேன். பச்சை.
பால் ஒரு சொட்டு, விரலில் ஒட்டிக்கொண்டு
ராத்திரி சோறு பிசையும்வரை விடவில்லை.

மாசியில் மாதையன் வந்தார், ரம்பக்காரரோடு.
"செத்துடுச்சேம்மா. கார் நிறுத்த இடமாச்சு."
கார் இன்னும் வாங்கவில்லை.
"வாங்கினதும் வெட்டுங்க" என்றேன்.
வந்த கூலிக்கு ரம்பக்காரர்
உன் தலைமேல் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டு முருங்கையைக்
கழித்துவிட்டுப் போனார்.
அன்று மதியம் உன் அடிவரை வெயில் இறங்கியது.

பங்குனிக் கடைசி.
ஒரு நுனியில் ஊதாவாக என்னமோ,
கோழிக்குஞ்சு மடக்கின கால்விரல் மாதிரி.
பூச்சி என்று தட்டப் போனவள்
கண்ணாடியைத் தேடப் போனேன்.

ஒரே ஒரு நுனி. மற்றதெல்லாம் இலையோடு சரி.
முதல் பூவை நான் பறிக்கவில்லை.
காலையில் தானே விழுந்திருந்தது, முகம் மேலே பார்க்க,
வெள்ளை, உள்ளே முட்டைக்கரு மஞ்சள்.

மண்டிக்கு எடுத்துப்போய்
யாரும் பார்க்காதபோது எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன்.
பூஜ்யம்.
நூறு கிராமுக்குக் கீழே அது எதையும் ஒப்புக்கொள்வதில்லை.
நோட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டு
முதல் தக்காளி லாரிக்குக் கேட்டைத் திறந்தேன்.