முறைப்பாடு இலக்கம் நாற்பத்தொன்று

முகத்துவாரம். மூன்று மாடிக்கு மேல் தட்டு.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் என் தகரப் பரல்,
பக்கமெல்லாம் ஆணி குத்திய துளை.
அடியில் மரத்தூள்,
ஆமர் வீதித் தச்சுப்பட்டறையில் சாக்கு நூற்றைம்பது.
அதன்மேல் வாழைப்பழத் தோல், கல்லுப்பு,
உரித்த வயரின் செப்பு,
கரண்டி முதுகால் மூன்று இரவு தேய்த்து
நகம்போல் மினுக்கிய ஐந்து பானைகள்.

நெருப்பு என்பது பெரிய சொல்.
நான் வைப்பது ஒரு தீக்குச்சி. பிறகு மூடி.
மூச்சுக் கிடைக்காத தீ
வேறு போக்கிடமில்லாமல்
மண்ணின் துளைகளுக்குள் கரியாய்ப் போய் உட்காரும்.
காற்றுப் பட்ட இடம் சிவப்பு,
படாத இடம் கறுப்பு.
இடையில் வரும் அந்தப் புறாக் கழுத்து நிறத்துக்கு
நான் பொறுப்பில்லை.

புகைக்குப் பொறுப்பு நானாம்.
கீழ்மாடி மஸாஹிராவின் வெள்ளை விரிப்பில்
இரண்டு தரம் இறங்கிவிட்டது.
எதிர்வீட்டு ஐயாவோ புகையைக் கண்டதும்
கதவைப் பூட்டி
பாஸ்போட்டைப் பைக்குள் வைத்த பிறகுதான்
என்னவென்று விசாரிப்பார்.
அவரை நான் நோவதில்லை.
அவர் பார்த்த கொழும்பில் அது வேறு புகை.

ஞாயிறு பின்னேரம் வந்தார் கான்ஸ்டபிள் விமலசூரிய.
"மொனவாத புச்சன்னே?"
"மெட்டி" என்றேன்.
அவர் மொழியில் களிமண்.
என் மொழியில் கலியாணம் கட்டினவளின் கால்விரலில் கிடப்பது.
குனிந்து என் விரலைப் பார்த்தேன்,
மரத்தூள் அப்பி, வெறுமையாய்.
சிரிப்பு வந்துவிட்டது.
அதையும் எழுதிக்கொண்டார்.

மூடியைத் திறக்கச் சொன்னார்.
திறந்தால் பானை கெடும், விடிய வேண்டும் என்றேன்.
போவார் என்றிருந்தேன்.
தாங்கியில் சாய்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு,
முந்திக் குதிரைப் படையில் இருந்த கதை சொன்னார்.
ரூபி. செம்பழுப்பு. கோபக்காரி.
விழுத்தினது அவள்தான்,
பார்க்கப் போகாத கிழமை இல்லை.

அவளின் வால்மயிர் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன்.
முதல்தடவையாகப் பேனையை மூடினார்.

அடுத்த ஞாயிறு லஞ்ச் சீற்றில் சுற்றி வந்தது வால்மயிர்.
சின்னக் காஸ் சூளையிலிருந்து இடுக்கியால்
கனன்ற பானையைத் தூக்கி வைத்து
ஒரு மயிரைத் தொங்கவிட்டேன்.
தொட்ட இடத்தில் துள்ளிச் சுருண்டு
நாறி
இல்லாமல் போனது. கோடு இருந்தது.
இரண்டாவதை அவர் விட்டார், விரல் நடுங்க.
அது வயிற்றைச் சுற்ற வெளிக்கிட்டு
பாதியில் மனம் மாறிக்
கழுத்துக்கு ஏறிவிட்டது.
"வட்டம் போடச் சொன்னா இப்பிடித்தான் செய்வாள்"
என்றார் சிங்களத்தில்,
பானையைப் பார்த்து.

தண்ணீர் ஊற்றாதீர்கள், கசியும் என்றேன்.
"அவள் வாளியில்தான் குடிக்கிறவள்."

முறைப்பாடு இன்னும் திறந்தே கிடக்கிறது.
நேற்று மஸாஹிராவிடம் ஒரு சாடி கொண்டுபோனேன்,
கறுப்பு பாதி, புறாக் கழுத்து மீதி.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எச்சில் தொட்டுப் பெருவிரலால் உரசினாள்.
"இது கழுவினாப் போகுமா?"
"போகாது."
"அப்ப என்ட விரிப்பும் இந்தச் ஜாதிதான்"
என்று கதவைச் சாத்தினாள்.

சாடி உள்ளே போய்விட்டது.