தேநீர் வழங்கப்பட்டது

மீட்டர் என்னிடம்தான் இருக்கிறது.
பேனா நீளம். மூடியில் விரிசல்.
ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றியிருக்கிறேன்.
குழுப் பணத்தில் வாங்கியது.
எழுநூற்றைம்பது ரூபாய்க்கு ரசீது எங்கே என்று
பொருளாளர் தையல்நாயகி இன்னமும் நச்சரிக்கிறாள்.

ஞாயிறு ஆறு மணிக்குக் கிளம்பினால்
வெயில் ஏறுமுன் முப்பத்தொரு போர்.
வடக்குத்தெரு அடிபம்பு, ஆயிரத்து நானூறு.
மாதாகோயில் பின்பக்கம், இரண்டாயிரத்து நூறு.
சூசைராஜ் கொல்லையில்
எண் ஏறிக்கொண்டே போனது,
கையை நனைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
கடல் இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்.
மண்ணுக்கடியில் வந்துகொண்டிருக்கிறது,
யாரிடமும் வழி கேட்காமல்.

ஆற்றில் தண்ணி வந்தால் அது கொஞ்சம் பின்வாங்கும்.
மேட்டூர் திறந்தார்கள் என்று
ஜூனில் டிவியில் பூத்தூவுவார்கள்.
கடைமடைக்கு ஆகஸ்டில் வரும், வந்தால்.
செய்தி மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை.

இருபத்தேழாவது போர் என் அண்ணனுடையது.
நாலு மா நிலத்தை
இறால் குட்டைக்குக் குத்தகை விட்டிருக்கிறார்.
அந்தப் பணத்தில்தான் என் மகள் நர்சிங் சேர்ந்தாள்.
மீட்டரை முக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.
"எவ்ளோ?" என்பார், வைக்கோலை உதறிக்கொண்டே.
சொல்வேன்.
"ம்" என்பார்.

அக்டோபர் இரண்டு, கிராமசபை.
பொருள் எண் பதினான்கு எங்களுடையது:
உப்பனாற்றுக் கதவணையில் ஏழு ஷட்டரில்
மூன்று துருவேறி இறங்கவில்லை,
அலை ஏறினால் உப்பு நேரே வயலுக்குள்.
குட்டைக் கழிவை வாய்க்காலில் விடுகிறார்கள்.
முப்பத்தொரு பாட்டிலிலும் பெயர் ஒட்டி
மேசையில் அடுக்கினோம்.
பொறியாளர் வாட்சைப் பார்த்தார்.
"மனுவா குடுங்கம்மா, பாத்துக்கலாம்."

அப்போதுதான் அது நடந்தது.
யாரும் திட்டமிடவில்லை, சத்தியமாக.
ரவூஃப் வழக்கமாகக் கேன் தண்ணியில்தான் டீ போடுவார்.
அன்றைக்குக் கேன் லாரி வரவில்லை.
ஊராட்சிக் குழாயில் பிடித்தார். பால் திரிந்தது.
மறுபடி போட்டார். மறுபடி திரிந்தது.
மூன்றாம் தடவை பாலை விட்டுவிட்டு
சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கொண்டுவந்தார்.
பொறியாளர் ஒரு மடக்கு குடித்தார்.
தம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.
"இதையா குடிக்கிறீங்க?"

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.
பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது.
மனோன்மணிதான், களை பறிக்க வருகிறவள், எழுந்தாள்.
"டீ நீங்க வந்ததால சார்.
நாங்க இதுல சோறு வடிக்கிறோம்."

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினேன்.
நூற்றுப்பன்னிரண்டு.
அண்ணன் கை பாதிதான் ஏறியது,
காது சொறிகிறவர்போல.
அவரையும் சேர்த்து
நூற்றுப்பதின்மூன்று என்று எழுதினேன்.

நடவடிக்கைப் புத்தகத்தில்
ஊராட்சிச் செயலர் அழகான கையெழுத்தில் முடித்திருந்தார்:
'தீர்மானம் நிறைவேறியது. தேநீர் வழங்கப்பட்டது.'

பொறியாளரை டிசம்பரில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.
மூன்று ஷட்டரில் ஒன்றுக்குக் கிரீஸ் தடவினார்கள்.
அது பாதி இறங்கி நிற்கிறது.
மீதிப் பாதிக்கு
மணல்மூட்டை அடுக்கப் பதினாறு பேர் போனோம்.
குட்டைக்காரர் வீட்டு டிராக்டரில்தான் மூட்டை வந்தது.
அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு
இருபத்தேழில் இருநூறு குறைந்திருந்தது.
மழையாகவும் இருக்கலாம்.
"எவ்ளோ?" என்றார்.
சொல்ல வாயெடுக்கையில் மீட்டர் அணைந்துபோனது.

பேட்டரி நாற்பது ரூபாய்.
இந்தத் தடவை ரசீது வாங்கிவிட்டேன்.