பாதி டப்பா

புது டப்பாவைக் குலுக்கினால்
முப்பது மாத்திரையும் ஊரைக் கூட்டும்.
அதனால்தான் எங்கள் ஆட்கள்
லேபிளைச் சுரண்டிவிட்டு
தறியடியில் உதிரும் பஞ்சை
வாய்வரை திணித்துவிடுவது.
பதினோரு வருசமாக என்னுடையதிலும் அப்படித்தான்.
பள்ளிபாளையத்தில் பஞ்சுக்கா பஞ்சம்?

பிறகு தறிகளை நிறுத்தினார்கள்.
பட்டறைக்குப் பூட்டு, பஞ்சு உள்ளே.
ராவும் பகலும் எங்கள்மேல் கிடந்த சத்தத்தை
யாரோ போர்வையாக உருவிக்கொண்டார்கள்.
பக்கத்து வீட்டில் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுகூடக்
கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

காவிரிப் பாலத்தின் நடுவில் சவுக்குக் கட்டை.
இந்தப்பக்கம் நாமக்கல், அந்தப்பக்கம் ஈரோடு.
கீழே ஆறு, பாறை தெரிய,
எந்த மாவட்டம் என்று கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.
பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறேன்.
மொபட்டில் நாற்பத்தோரு டப்பா, மேலே ரெண்டு கிலோ தக்காளி.
"என்னம்மா பையில?"
"மாத்திரைங்க."
"எத்தன பேருக்கு?"
"நாப்பத்தோரு பேருக்குங்க."
"எல்லாருக்கும் ஒரே சீக்கா?"

ஒன்றை எடுத்துக் குலுக்கினார்.
பாலம் முழுக்கக் கேட்டது.
கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார்.
நோயின் பேரை எழுத வேண்டாமென்று
மேடத்திடம் நான்தான் சொல்லியிருந்தேன்.
முத்திரையில் இருந்தது.
டப்பாவைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்,
மருந்து ஊற்றி ரெண்டு தடவை கை கழுவினார்.
கொரோனாவுக்கா எங்களுக்கா என்று நான் கேட்கவில்லை.
"போங்க" என்றார். போனேன்.

காடச்சநல்லூர் சம்பூரணம்
வீட்டில் தைராய்டு என்று சொல்லியிருக்கிறாள்.
ரேஷன் கடை வரிசையில்
எனக்குப் பின்வட்டத்தில் நின்றாள்.
பையை என் வட்டத்தில் வைத்துவிட்டு
அடுத்த சுண்ணாம்பு வட்டத்துக்கு நகர்ந்தேன்.
அவள் என் வட்டத்துக்கு வந்தாள்.
ஆறடி தூரத்தை விதித்தவர்களுக்கு
அன்றைக்கு மட்டும் ஒரு கும்பிடு.

அர்த்தநாரியண்ணன் நாக்பூர் தாபாவில்
லாரியோடு மாட்டிக்கொண்டார்.
ஜவ்வரிசி லோடு ஒன்று வடக்கே போனது,
அதில் தாட்டிவிட்டோம், சத்து மாத்திரை என்று.
தினமும் ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால் வரும்.
போட்டுட்டேன் என்று அர்த்தம்.

வெப்படைத் தறி லைன்வீட்டில் பிகாஷ்.
அவன் பச்சைப் புத்தகம் ஒடிசாவில்.
இங்கே பேர் ஏற அடுத்த வாரம் ஆகும்,
கையில் நாலே மாத்திரை.
என் டப்பாவைத் திறந்து தினத்தாளில் கொட்டினேன்.
நான் ஒண்ணு என்றேன், அவன் ஏக்கொ என்றான்.
அப்படியே எண்ணிக்கொண்டே போனோம்,
பதினைந்து வரை
ஒரு மொழியிலும் தப்பவில்லை.
"உங்களுக்கு, தீதி?"
"எச்சா இருக்குது, போ."
இல்லை.

பொழுதோட வீடு வந்து குளித்து,
ஒன்பது மணிக்கு டப்பாவை எடுத்தேன்.
நிறைந்த டப்பாவைவிடப் பாதி டப்பா
அதிகமாகச் சத்தம் போடும்.
அது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.
சுவருக்கு அந்தப்பக்கம் வெத்தலைப் பேச்சு நின்றது.
பழைய துணி கிழிக்கலாமா என்று பார்த்தேன்.
கிழிக்கவில்லை.

ஒன்பதே கால்.
ஒன்பதரை.
போன் இன்னும் அடிக்கவில்லை.
நாக்பூரில் சிக்னல் இருக்காது
என்று டப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.