ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

காரைக்குடியிலிருந்து வந்த ஒரு பெண்
மண்டபத்தில் எங்கள் நண்டு கம்பெனி வாசலில்
தாள் கட்டோடு நின்றாள்.
“ஆன்லைன் கேம் விளையாடுவீங்களா அக்கா?
பேரெல்லாம் வேண்டாம், டிக் போட்டா போதும்.
ஒண்ணுன்னா இல்லவே இல்ல,
அஞ்சுன்னா முழுக்க முழுக்க.”
ஷிப்ட் முடிந்த கை.
பேனாவை இரண்டு விரல் நுனியில் வாங்கினேன்.

‘எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான்
எனக்கு நிம்மதி.’
இதற்கு யோசிக்கவே இல்லை. ஐந்து.
வெந்த சதைக்குள் ஓட்டுச் சில்லைத்
தடவித் தடவி எடுக்கிறவள் நான்,
வெள்ளை விளக்குக்கடியில் எட்டு மணி நேரம்.
ராத்திரி போனில் செய்வதும் அதுதான்:
எல்லோரும் சுட்டுக்கொண்டிருக்க
காலி வீடுகளில் நுழைந்து
பேண்டேஜ், தோட்டா, ஹெல்மெட்
ஒவ்வொன்றாகப் பொறுக்கிப்
பைக்குள் அடுக்குவேன்.
அதே வேலையா, அதுவும் கூலியில்லாமலா?
ஆமாம்.
சூப்பர்வைசரும் இல்லாமல்.

‘கூட்டம் எனக்கு உற்சாகம் தரும்.’
இதில் என் தம்பி பிரிட்டோவுக்குத்தான்
டிக் போட வேண்டும்.
விமானத்திலிருந்து முதலில் குதிப்பான்,
சனம் மொய்க்கிற கட்டடமாகப் பார்த்து.
இரண்டு நிமிஷத்தில் செத்து
விழுந்து விழுந்து சிரிப்பான்.
இதே பிரிட்டோ தங்கச்சிமடம் கரையில்
நங்கூரக் கயிற்றை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான்.
கச்சான் கொஞ்சம் முறுக்கினாலும்
“இன்னைக்கு வேணாம்ணே” என்பது
அவன் குரலாகத்தான் இருக்கும்.
இவனை எந்தக் கட்டத்தில் போடுவாய், தங்கச்சி?

‘தோற்றால் கோபம் வரும்.’
தேவிபட்டினம் செல்வகணபதி.
ஸ்கிரீன் விரிசலுக்குமேல் டேப் ஒட்டியவன்.
இனிமேல் வரமாட்டேன் என்று கத்திவிட்டு
மறுநாள் எங்களுக்கு முன்னால்
லாபியில் நிற்கிறவன்.

ஜைனுலுக்கு
அவளிடம் கேள்வி இல்லை.
கீழக்கரை ஆள், ஷார்ஜாவில் கடை.
ஒரு வருஷமாக மைக் போட்டதில்லை.
பேச்சு எல்லாம் மஞ்சள் குறிதான்:
இங்கே துப்பாக்கி, அங்கே ஆள்.
நான் அடிபட்டு விழுந்தால்
புகைக்குள் குனிந்து ஓடி வருவான்.
அந்தக் கோடு மெல்ல நிறைந்து
நான் எழுந்திருக்கும்வரை
எதிரில் எவன் சுட்டாலும்
இருந்த இடத்தைவிட்டு நகரமாட்டான்.
நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை.
நன்றி என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
அதை அழுத்துவேன்.

போன தடைக்காலத்தில்
படகுகள் கயிற்றிலேயே கிடந்த நாற்பதாம் நாளோ என்னவோ,
பிரிட்டோ தன் போனை விற்றுவிட்டான்.
சோற்றுக்குப் பிறகு என் முகத்தையே பார்த்தான்.
“ஒரு கேம்தான்க்கா” என்றான்.
கொடுத்துவிட்டுக்
கொல்லையில் எலுமிச்சைத் தோலால்
விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
அது என்ன தேய்த்தாலும் போகாது.
உள்ளே விமானச் சத்தம்.
என் பெயர், என் சட்டை, என் காலிப் பை
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு
கூட்டத்தின் நடுவே குதித்துவிட்டான்.
பாராசூட் இன்னும் தரை தொடவில்லை.
போனிலிருந்து ஒரு குரல்,
கொஞ்சம் கரகரப்பு, இடையில் சிக்னல் விக்கல்:
“இது நீங்க இல்லையே.
போன் யார் கையில?”

பிரிட்டோ என்னைத் திரும்பிப் பார்த்தான்.
சோப்பு நுரையோடு நின்றேன்.
அதற்குள் எவனோ சுட்டுவிட்டான்.

மறுநாள் நானே ஆடினேன்.
முதல் காலி வீட்டுக்குள் போனதும்
கதவருகே ஒரு மஞ்சள் குறி.
அங்கே எதுவும் கிடக்கவில்லை.

“எல்லாத்துக்கும் போட்டுட்டீங்களா அக்கா?”
“ரெண்டு விட்டிருக்கேன்.”
“பரவாயில்ல.”
தாளை வாங்கியவள் மூக்கைச் சுளிக்கவில்லை,
நல்ல பிள்ளை.
மற்றதோடு சேர்க்காமல் மட்டும்
தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டாள்.
பாலம் தாண்டிப் போகிற கம்பெனி வேன்
ஹாரன் அடித்தது. ஓடினேன்.