முப்பத்தைந்து கம்பிகள்

கோட்டைவாசல் வரை தள்ளிக்கொண்டுதான் வந்தோம்.
புளியரை வளைவுகளில்
வைக்கோல் லாரிகள் எங்கள்மேல் தூவிக்கொண்டே ஏறின.
கோழி லாரி விட்டுப்போன இறகு ஒன்று
சகாயமேரியின் தலைக்கவசத்தில் ஒட்டியிருந்தது.
நான் சொல்லவில்லை.

செக்போஸ்ட்காரர் சிமெண்ட் லாரிக்கு
ரசீது பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.
"எவிடேக்கா?"
"புனலூருக்கு."
"சைக்கிளிலோ?"
அதற்கு மேல் கேட்க
அவரிடம் படிவம் இல்லை.

ஆறுகளுக்கு எல்லை தெரியாது என்பார்கள்.
கழுதுருட்டி ஆற்றுக்கு அந்தச் சிரமமே கிடையாது.
அந்தப் பக்கமே ஊறி
அந்தப் பக்கமே இறங்கிப் போகிறது.
தாண்டியது நாங்களும்
முறுக்குப் பொட்டலமும்
கெஞ்சி வாங்கிய இரண்டு நாள் லீவும்தான்.

ஆரியங்காவு கழிந்ததும் மிதிக்க வேண்டியதில்லை.
பிரேக்கிலிருந்து விரல் எடுத்தால் போதும்,
சாலையும் ஆறும் தண்டவாளமும்
ஒரே இடுக்கில் நெருக்கியடித்து இறங்கும்.
ஈரல் நிறத்தில் பாறைகள். ஈர வாசனை.
எந்தக் காலத்து வண்டிப்பாதையோ,
கருங்கல் கைப்பிடிச்சுவரில்
குரங்கு ஒன்று எங்களுக்காக எழுந்திருக்கவில்லை.

பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி லேபில்
ஊரார் ரத்தத்தில் அணுக்களை எண்ணிய கண் இது.
எண்ணாமல் எதையும் பார்க்க வராது.
தேக்கு நாற்பத்தொன்று.
மைல்கல் ஆறு, அதில் ஒன்று தலைகீழ்.
ஆறு எட்டு முறை மறைந்து
ஏழு முறைதான் திரும்பி வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்,
சோடா மூடி தரையில் விழுந்த மாதிரி.
பின்சக்கரம் கோணி
பிரேக் கட்டையில் உரசி உரசி நின்றது.
முப்பத்தாறில் ஒரு கம்பி போச்சு.
"மாற்றுக் கம்பி எடுத்துக்கிட்டியாடி?"
எடுத்திருந்தேன்.
முன்சக்கரத்துக்கான அளவு.

ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள்.
பெயர் ஓமனா. நெற்றியில் கட்டிய விளக்கை
இன்னும் அவிழ்க்கவில்லை.
சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தாள்,
குழந்தையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல்.
பிறகு ஒரு மரத்திடம் போய்
பால் பிடிக்கும் சிரட்டையைத் தாங்கிய கம்பியைக்
கழற்றி வந்தாள்.
ஒடிந்ததை அடுத்த கம்பியோடு சேர்த்து
ஏழு சுற்று. பல்லால் ஒரு முறுக்கு.
"அப்ப அந்த மரத்துக்கு?"
"இந்நு அதினு லீவு," என்றாள்,
எங்களைப் போலவே என்பதுபோல்.
சிரட்டையை வேரின் மேல் வைத்து
ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள்.
பணத்தை வாங்கவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு ஆற்றின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
டிக். டிக். ஒவ்வொரு சுற்றுக்கும்
அவள் கட்டு எதிலோ தட்டியது.
பதிமூன்று கண் பாலத்தடியில் நின்றோம்.
நான் எண்ணினால் பன்னிரண்டு.
சகாயமேரி எண்ணினால் பதினான்கு.
மேலே ரயில் வரும் என்று
அரை மணிநேரம் அண்ணாந்திருந்தோம்.
வரவில்லை. கழுத்து வலி வந்தது.
அப்போதுதான் அவள் இறகைக் கண்டுபிடித்தாள்;
தென்மலை வரை என்னோடு பேசவில்லை.

புனலூர் தொங்குபாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லையாம்.
வாசலில் சாத்தி வைத்துவிட்டு நடந்தோம்.
இரண்டு இரும்புச் சங்கிலியில் தொங்குகிறது
ஓர் ஆற்று அகலம்.
பலகை லேசாகத் துள்ளியது.
நாளெல்லாம் மிதித்த கால்கள்
வெறுமனே நடக்கக் கூச்சப்பட்டன.
கீழே அதே தண்ணீர்,
இப்போது அதற்குக் கல்லடையாறு என்று பெயர்;
அகன்று, கலங்கி, அவசரமில்லாமல்.

திரும்பியது சாயங்கால ரயிலில்.
சைக்கிள்கள் லக்கேஜ் பெட்டியில்,
நாங்கள் ஜன்னலில்.
பாலத்தின் மேல் போகும்போது நல்ல இருட்டு.
கண்களை எண்ண முடியவில்லை.
சகாயமேரி என் தோளில் தூங்கிவிட்டாள்.

நாளை விடியுமுன் ஓமனாவின் கத்தி
அந்த மரத்துக்கு வரும்.
வெட்டு வாய் வழியே பால் இறங்கி
சிரட்டை இருந்த இடம் தேடிச் சொட்டும்.
கல் அசையாமல் இருக்குமா,
ராத்திரி மழை பெய்யுமா என்று
ஆரியங்காவு குகை வரை கணக்குப் போட்டேன்.
குகைக்குள் ஜன்னலில் என் முகம் மட்டும்.
பின்னாலிருந்து, லக்கேஜ் பெட்டியிலிருந்து,
கேட்க வாய்ப்பே இல்லை,
டிக். டிக்.